மாட்டுக்குப் பல்; வண்டிக்கு எண்ணெய்!

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிற விவசாயி என்ன செய்வார்?

மாட்டின் நிறத்தைக் கண்டு மயங்கமாட்டார். கொம்பில் பூசிய வர்ணத்தைக் கண்டு ஏமாறமாட்டார். நேராகப் போய் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்.

நாஞ்சில் நாட்டு வயல்களில் இன்று உழவு மாட்டைக் காண்பது அரிது. டிராக்டர் வந்துவிட்டது. முற்றத்தில் மாடு கட்டியிருந்த இடத்தில் கார் நிற்கிறது. ஆனால் மாடு வாங்கும்போது இருந்த விழிப்பு, கார் வாங்கும்போது இருக்கிறதா?

இல்லை என்றுதான் சொல்லவேண்டும். பளபளப்பான வர்ணத்தைப் பார்க்கிறார்கள். புது சீட் உறையைப் பார்க்கிறார்கள். மீட்டரில் உள்ள எண்ணைப் பார்க்கிறார்கள். பல லட்ச ரூபாயை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டியின் "பல்" எங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

கியர் தானே மாறும் ஆட்டோமேடிக் வண்டிக்கு, அந்தப் பல் கியர் பாக்ஸில் உள்ள எண்ணெய்தான்!

ஆசை வருவது ஏன்?

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு வீட்டுக்காரர் ஊர் திரும்பியிருக்கிறார். அங்கே கிளட்ச் இல்லாத வண்டி ஓட்டிப் பழகிவிட்டார். மனைவியும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். வீட்டில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டி. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மாதம் ஒரு தடவை பாட்டியைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். திருச்செந்தூருக்குப் போகவேண்டும். வேளாங்கண்ணிக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது.

ஆறு பேர், ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டும். புதிது வாங்கக் கையில் பணம் இல்லை. பழையது வாங்குவது என்று முடிவு செய்கிறார்கள்.

இந்த ஆசையில் தவறு ஒன்றும் இல்லை. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் மாலை நேர நெரிசலில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் தெரியும். அடிக்கு ஒரு தடவை கிளட்சை மிதித்து மிதித்துக் கால் மரத்துப் போகும். ஆட்டோமேடிக் வண்டி அந்தத் தொல்லையைத் தீர்த்துவிடுகிறது.

புரோக்கர் வருகிறார். வண்டியைக் காட்டுகிறார்.

"அண்ணாச்சி, இது டாக்டர் ஓட்டின வண்டியாக்கும்! ஒரே கை. மீட்டரைப் பாருங்க, எண்பதாயிரம்தான். கியரே போட வேண்டாம், அதுவே போகும்!" என்கிறார்.

அதுவே போகும். சரி. எவ்வளவு காலம் போகும்? அதுதான் கேள்வி!

பழுதானால் என்ன ஆகும்?

சாதாரண கியர் வண்டியில் கிளட்ச் தேய்ந்தால் பெரிய கவலை இல்லை. எந்த ஜங்ஷனிலும் அதை மாற்றத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். சில ஆயிரங்களில் வேலை முடியும். வழியில் பாட்டரி இறங்கிவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஆட்டோமேடிக் கியர் பாக்ஸ் அப்படியல்ல. அதற்குள் எண்ணெய் போகும் நுண்ணிய வழிகள் உண்டு. அவற்றைத் திறந்து மூடும் மின்சார வால்வுகள் உண்டு. எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும் சின்னக் கம்ப்யூட்டரும் உண்டு. இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் குறைவு. எண்ணெயால் இயங்கும் கியர் பாக்ஸ் முழுதும் கெட்டுவிட்டால் செலவு ஒரு லட்சத்தையும் தாண்டிப் போகலாம். அத்தகைய வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது.

பிள்ளையின் காலேஜ் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது. மனைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போகிறது. பாட்டி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போகிறார். ஒரு நாள் அவசரப்பட்டு முன்பணம் கொடுத்ததற்கு இதுதான் விலை!

பெயர் ஒன்று, வகை பல

ஆட்டோமேடிக் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வண்டி வாங்கும் முன்பு, அது எந்த வகை என்று முதலில் கேட்கவேண்டும்.

முதல் வகை, எண்ணெயின் விசையால் இயங்குவது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை ஓடவிடுங்கள். அதன் காற்று பட்டு மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால், அதுதான் இந்தக் கியர் பாக்ஸின் தத்துவம். டார்க் கன்வெர்ட்டர் என்பார்கள். எண்ணெயின் மூலம் சக்தியைக் கடத்தும் ஆட்டோமேடிக் கியர் பாக்ஸை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கொண்டுவந்தது. 80 ஆண்டுகளுக்கு மேல் அடிபட்டுத் தேறிய முறை இது. நம் ஊரில் 2016ல் வந்த இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேடிக் இந்த வகை. எர்டிகா ஆட்டோமேடிக்கும், கியா கார்னிவலும் இந்த வகையே.

இரண்டாவது வகை, ஏ.எம்.டி. என்பது. இது உள்ளுக்குள் சாதாரணக் கியர் பாக்ஸ்தான். கிளட்சும் உண்டு. நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சின்ன இயந்திரம் கிளட்சை அழுத்திக் கியரை மாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத டிரைவர் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருப்பது போல! 2014ல் மாருதி செலேரியோ கார் வந்த பிறகு இந்தியாவில் இது பரவியது. ஏழு பேர் உட்காரும் ரெனால்ட் டிரைபரில் 2020ல் வந்தது. கியர் மாறும்போது கொஞ்சம் தலையாட்டும். ஆனால் ரிப்பேர் செலவு மற்ற வகைகளைவிடக் குறைவு.

மூன்றாவது வகை, சி.வி.டி. என்பது. இதில் கியர் படிகளே கிடையாது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஓர் எஃகுப் பெல்ட் ஓடும். ரைஸ் மில்லில் பெல்ட் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பயணம் வெண்ணெய் போல இருக்கும். ஆனால் பெல்ட் வழுக்கி, சக்கரத்தில் கீறல் விழுந்துவிட்டால் செலவு பெரிது. 2019ல் டாட்சன் கோ பிளஸ் வண்டியில் இது வந்தது. டாட்சன் பெயரில் கார் விற்பது 2022ல் இந்தியாவில் நின்றுவிட்டது என்பதையும் வாங்குகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

நான்காவது வகை, இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச். இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்று. மின்னலாய்க் கியர் மாறும். ஆனால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் சூடேறும். 2022ல் வந்த கியா காரென்ஸ் பெட்ரோல் வண்டிகளில் ஒரு பகுதி இந்த வகை.

இவற்றைத் தவிர, மின்சார மோட்டாரும் பெட்ரோல் என்ஜினும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் வண்டிகளும் வந்துவிட்டன. இன்னோவா ஹைகிராஸ், மாருதி இன்விக்டோ ஆகியவற்றை உதாரணமாகச் சொல்லலாம். அவற்றை வாங்குகிறவர்கள், பாட்டரிக்குக் கம்பெனி கொடுத்த உத்தரவாதம் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி இருக்கிறது என்று கேட்கவேண்டும்.

அதிகம் ஓடிய வண்டியை வாங்குகிறவர்களுக்கு எது நல்லது? காலத்துக்குக் காலம் எண்ணெய் மாற்றிய ரசீது இருந்தால், முதல் வகையே நல்லது. பணம் குறைவாக இருந்தால் ஏ.எம்.டி. பார்க்கலாம். மற்ற இரண்டும் ஒரு லட்சம் கிலோ மீட்டரைத் தாண்டியிருந்தால், முழுக் கணக்கும் கையில் இல்லாமல் தொடக்கூடாது.

மீட்டரை நம்பலாமா?

புரோக்கர் காட்டிய வண்டிக்கு எட்டு வயது. மீட்டர் 80,000 காட்டுகிறது. அப்படியானால் ஆண்டுக்கு 10,000. நாளுக்கு 27 கிலோ மீட்டர். நடக்கக்கூடியதுதான். ஆனால் அது உண்மையா?

முன்பெல்லாம் மீட்டரில் பல் சக்கரங்கள் சுழன்றன. இப்போது மின்னணு மீட்டர். கையில் ஒரு கருவி இருந்தால் எண்ணைக் குறைத்துவிடலாம். இரண்டு லட்சம் ஓடிய வண்டி ஒரே ராத்திரியில் எண்பதாயிரம் ஆகிவிடும்!

மீட்டர் பொய் சொல்லலாம். வண்டியின் உடம்பு பொய் சொல்லாது. பிரேக் பெடலின் ரப்பரைப் பாருங்கள். ஸ்டீயரிங் தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள். டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். மீட்டர் இருபதாயிரம் காட்டுகிறது. நாலு டயரும் வண்டியைவிட வயது குறைந்தவை என்றால், எங்கோ உதைக்கிறது!

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி, சர்வீஸ் கணக்கு. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால், ஒவ்வொரு தடவையும் மீட்டர் எண்ணைக் குறித்திருப்பார்கள். வண்டிக்காரரையே உடன் அழைத்துப்போய் அந்தக் கணக்கை வாங்கிப் பார்க்கவேண்டும். உண்மையான வண்டிக்காரர் மறுக்கமாட்டார். மறுத்தால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கிலோ மீட்டர் அதிகம் என்பதற்காக மட்டும் ஒரு வண்டியை ஒதுக்கிவிடக்கூடாது. நான்குவழிச் சாலையில் ஒரே சீராக இரண்டு லட்சம் ஓடி, வேளாவேளைக்கு எண்ணெய் மாற்றிய வண்டி ஒன்று. நெரிசலிலேயே எண்பதாயிரம் ஓடி, ஒரு தடவைகூட எண்ணெய் மாற்றாத வண்டி ஒன்று. இரண்டில் முதல் வண்டியே மேல். எத்தனை தூரம் ஓடியது என்பதைவிட, எப்படி ஓடியது, யார் பார்த்துக்கொண்டார் என்பதே முக்கியம்.

சூடுதான் எமன்

ஆட்டோமேடிக் கியர் பாக்ஸைக் கொல்வது சூடு. நெரிசலிலும் ஏற்றத்திலும் பாரத்திலும் எண்ணெய் சூடேறுகிறது. சூடு ஏற ஏற எண்ணெயின் ஆயுள் குறைகிறது. கெட்ட எண்ணெய் வழுக்குகிறது. வழுக்கினால் இன்னும் சூடாகிறது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சாலைகளோ மேடும் பள்ளமும் வளைவுமாக இருப்பவை. வண்டி முழுதும் ஆள் ஏற்றிக்கொண்டு அவற்றில் ஓடினால் கியர் பாக்ஸ் படும் பாடு கொஞ்சமல்ல.

இது பணக்கார நாடுகளிலும் நடந்த கதைதான். அமெரிக்காவில் குடும்பங்கள் விரும்பி வாங்கிய வண்டி ஹோண்டா ஒடிசி. 2004ல் ஒடிசி உட்படச் சுமார் 11 லட்சம் வண்டிகளை ஹோண்டா கம்பெனி திரும்ப அழைத்துப் பரிசோதித்தது. ஆட்டோமேடிக் கியர் பாக்ஸின் இரண்டாவது கியர் அளவுக்கு மேல் சூடாகி உடையக்கூடும் என்பதே காரணம். எண்ணெய் சரியாகப் போய்ச் சேராத குறை!

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் பெரிய பாடம். அங்கே ஃபோர்டு கம்பெனியின் இரட்டைக் கிளட்ச் கார்கள் உதறுகின்றன என்று பலர் புகார் செய்தார்கள். "நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்" என்று பலருக்குப் பதில் சொல்லப்பட்டது. வழக்கு நடந்தது. 2018ல் அந்த நாட்டு நீதிமன்றம் ஃபோர்டு கம்பெனிக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. உலகப் புகழ்பெற்ற கம்பெனியின் புது வண்டியிலேயே இப்படி என்றால், பலர் கை மாறிய பழைய வண்டியில் எவ்வளவு கவனம் வேண்டும்!

சில வண்டிகளின் புத்தகத்தில், "கியர் பாக்ஸ் எண்ணெய் வாழ்நாள் முழுதும் வரும்" என்று போட்டிருக்கும். யாருடைய வாழ்நாள்? கியர் பாக்ஸ் செய்வதில் பெயர்பெற்ற ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனி, 80,000 முதல் 1,20,000 கிலோ மீட்டருக்குள் எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது என்று சொல்கிறது. செய்கிறவரே சொல்லும்போது கேட்பதுதானே புத்தி?

எண்ணெயைச் சோதிப்பது எப்படி? தேங்காய் எண்ணெய் காறிவிட்டதா என்று முகர்ந்தே சொல்லிவிடும் வீட்டுப் பெண்களுக்கு இது கஷ்டமான வித்தை அல்ல. புது எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக, தெளிவாக இருக்கும். கொஞ்சம் பழுப்பேறினால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் கருகியிருக்கிறது. பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பல புது வண்டிகளில் அளவு பார்க்கும் கம்பி இருக்காது. அப்போது மெக்கானிக்கை வைத்துக் கொஞ்சம் எண்ணெய் எடுத்துத்தான் பார்க்கவேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. களியக்காவிளையில் எல்லை விழுந்தது. ஆனால் பழைய வண்டி வியாபாரத்துக்கு எல்லை ஏது? கேரள எண் வண்டி இங்கே வரும். சென்னை வண்டியும் வரும்.

வண்டி எங்கிருந்து வருகிறது என்று ஏன் கேட்கவேண்டும்? 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம். 2023 டிசம்பரில் முதலில் சென்னையிலும், பிறகு நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலும் பெருமழை. எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. கியர் பாக்ஸுக்கு மூச்சுவிடும் துவாரம் ஒன்று உண்டு. வண்டி மூழ்கினால் அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். வெளியே கழுவித் துடைத்துவிடலாம். உள்ளே அரிப்பது நிற்காது.

ஆகவே தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துருப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மூடிய வண்டிக்குள் ஈர வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள்.

வண்டி முன்பு டாக்ஸியாக ஓடியதா என்பதையும் ஆர்.சி. விவரத்தில் பார்க்கவேண்டும். மஞ்சள் போர்டை வெள்ளைப் போர்டாக மாற்றிய வண்டியும் சந்தைக்கு வரும். நாளுக்கு 200 கிலோ மீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடினால், ஓர் ஆண்டுக்கே 60,000 ஆகிவிடும்! கேரளத்து வண்டி என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே கட்டவேண்டிய வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

ஓட்டிப் பார்க்கும் முறை

பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பது பார்ப்பதே அல்ல. எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது மறைந்திருக்கும் குறை, சூடேறிய பிறகுதான் வெளியே வரும்.

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே போகவேண்டும். "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யவேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். பானட்டைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிவர்ஸ் போடுங்கள். பிறகு முன் கியர் போடுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் கியர் விழவேண்டும். தாமதமானாலும், 'தட்' என்று அடித்தாலும் சந்தேகம்தான்.

அடுத்து, நெரிசலான கடைவீதி வழியாக ஊர்ந்து போகவேண்டும். உதறல் இருந்தால் அங்கே தெரியும். பிறகு ஆரல்வாய்மொழிப் பக்கம் நல்ல சாலையில் கொஞ்சம் வேகமாகப் போகவேண்டும். சீரான வேகத்தில் போகும்போது, கரடுமுரடான சாலையில் ஓடுவது போல வண்டி நடுங்கக்கூடாது. என்ஜின் இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால், உள்ளே வழுக்குகிறது. பிறகு கீரிப்பாறைப் பக்கம், பேச்சிப்பாறைப் பக்கம் போல ஓர் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்க்கவேண்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டே பார்க்கவேண்டும்!

முக்கால் மணி நேரம் இப்படி ஓட்டிய பிறகு நிறுத்தி, மறுபடியும் ரிவர்ஸும் முன் கியரும் போட்டுப் பார்க்கவேண்டும். அடியில் குனிந்து எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

கடைசியாக, ஆட்டோமேடிக் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கம்ப்யூட்டர் சோதனை செய்யவேண்டும். வண்டியின் நினைவில் பதிந்துள்ள குறைகள் அதில் தெரியும். புரோக்கர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். நீங்கள் தேடிய மெக்கானிக் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண் செலவு என்று நினைக்கக்கூடாது. பெண் கொடுக்கும்போது நாலு இடத்தில் விசாரிக்கிறோம். அது வீண் வேலையா?

அரசாங்கம் செய்யவேண்டியது

எல்லாப் பாரத்தையும் வாங்குகிறவர் தலையிலேயே வைப்பது நியாயம் அல்ல.

வண்டி கைமாறும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 29, 30 ஆகிய எண்களில் உள்ள படிவங்களைக் கொடுக்கிறார்கள். அவற்றில் பதிவு எண் உண்டு, பெயர் உண்டு, விலாசம் உண்டு. ஆனால், இந்த வண்டி இதுவரை எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்ற ஒரு வரி இல்லை! வாங்குகிறவர் விலை கொடுப்பது எதைப் பார்த்தோ, அதுவே படிவத்தில் இல்லை.

அமெரிக்காவில் மீட்டரைத் திருத்துவதைத் தடுக்க 1972லேயே சட்டம் வந்தது. பெல்ஜியம் நாட்டில், வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போதெல்லாம் மீட்டர் எண்ணைப் பதிவு செய்கிறார்கள். அந்தச் சான்று இல்லாமல் பழைய காரை விற்க முடியாது. 2006 முதல் இது நடக்கிறது. பிரிட்டனில் ஆண்டுப் பரிசோதனையில் எழுதிய மீட்டர் எண்ணை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் இலவசமாகப் பார்க்கலாம்.

அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? விற்பவர் மீட்டர் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்று படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். பொய் எழுதியவரைப் பிடிக்க அதுவே சாட்சியாகும். இதற்குக் கோடி ரூபாய் செலவு இல்லை. மனம்தான் வேண்டும்.

பழைய வண்டி வியாபாரிகள், பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. இது நல்ல காரியம். வாங்குகிறவர்கள் அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும். கேட்பவர் பெருகினால்தான் விதி உயிரோடு இருக்கும். நேர்மையான வியாபாரிகளுக்கும் இதனால் நன்மைதான். பொய் மீட்டர்க்காரனோடு அவர்கள் விலையில் போட்டி போட முடியாமல் தவிக்கிறார்கள் அல்லவா?

கையில் கொஞ்சம் மிச்சம்

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலையாகக் கொடுத்துவிடக்கூடாது. அதிகம் ஓடிய ஆட்டோமேடிக் வண்டி வாங்குகிறவர், கியர் பாக்ஸுக்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்துவைக்கவேண்டும். அது முடியாவிட்டால் அந்த வண்டி நம் சக்திக்கு மீறியது என்று பொருள். கிளட்ச் உள்ள சாதாரண வண்டியை வாங்கிக்கொள்ளலாம். அதில் ஒரு குறைவும் இல்லை. கால் கொஞ்சம் வலிக்கும், மனம் வலிக்காது.

வாங்கிய பிறகு, கம்பெனி சொன்ன ரக எண்ணெயை மாற்றிவிட்டு அன்றைய தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதவேண்டும். பால் கணக்கு எழுதுவது போல எழுதிவந்தால் போதும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்த நோட்டு பேசும். அடுத்த குடும்பம் உங்களை வாழ்த்தும்.

இனி அந்த நாகர்கோவில் குடும்பத்தைப் பாருங்கள். புரோக்கர் அவசரப்படுத்துகிறார். "வேற பார்ட்டி ரெடியா நிக்கி, அண்ணாச்சி. அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு!" என்கிறார். வீட்டுக்காரரின் கை சட்டைப் பைக்குள் போகிறது.

அப்போது மனைவி கேட்கிறார்: "அண்ணே, சர்வீஸ் கணக்கு எங்கே? கியர் பாக்ஸ் எண்ணெய் கடைசியா எப்போ மாத்தினது?"

இந்த ஒரு கேள்வி போதும். ரசீது வந்தால் மேலே பேசலாம். சாக்கு வந்தால் வீட்டுக்குத் திரும்பலாம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்தே ஆகவேண்டும்!